மீட்டர் போர்டு மாறலாம், ஓடிய கிலோமீட்டர் மாறக் கூடாது

ஸ்பீடோமீட்டர் முள் நடுங்குகிறது. எரிபொருள் முள் காலியிலேயே படுத்துக் கிடக்கிறது. டிஸ்ப்ளேயில் பாதி இலக்கம் தெரியவில்லை. இப்படி ஏதாவது வந்ததும் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு, "மீட்டர் போர்டையே மாற்றிவிடலாம்" என்பதுதான். நாலு ஸ்குரூ, ஒன்றிரண்டு கப்ளர், அரை மணி நேர வேலை. ஆனால் அந்தப் பெட்டியோடு வண்டியின் வயதும் கழன்று வந்துவிடுகிறது. 1,42,318 கி.மீ. ஓடிய கார், புது போர்டு மாட்டிய மறுநிமிடம் 0 காட்டும். வேறு வண்டியில் இருந்து கழற்றி வந்த போர்டானால், யாரோ ஒருவர் ஓட்டிய கணக்கைக் காட்டும்.

"மைலேஜ்" என்ற சொல்லை இந்தக் கட்டுரையில் தவிர்க்கிறோம். தமிழில் அது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதற்கே ஓடிப்போய் நின்றுவிட்டது. இங்கே பேசுவது ஓடோமீட்டரில் நிற்கும் மொத்தக் கிலோமீட்டரைப் பற்றி மட்டும்.

அந்த எண் விற்பனை நேரத்துக்கு மட்டும் வேண்டியதல்ல. டைமிங் பெல்ட், கியர் ஆயில், கூலன்ட், ஸ்பார்க் பிளக் எல்லாமே ஓடிய தூரத்தை வைத்துத்தான் மாற்றப்படுகின்றன. 55,000 கி.மீ. குறைவாகக் காட்டும் ஓடோமீட்டரை நம்பி டைமிங் பெல்ட்டைத் தள்ளிப்போட்டால், பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் திறக்க வேண்டிய நிலை வரலாம். வண்டி கைமாறினால், அந்த ஆபத்து எதுவும் தெரியாத அடுத்தவர் தலையில் விழும்.

எண் எங்கே இருக்கிறது?

பழைய கார்களில் பதில் எளிது. கியர்பாக்ஸில் இருந்து ஒரு கேபிள் சுழன்று வந்து, பற்சக்கரங்கள் வழியாக இலக்கம் அச்சிட்ட உருளைகளைத் திருப்பும். எண் உருளைகளிலேயே இருந்தது. அவற்றில் பெரும்பாலும் தேய்வதும் வெடிப்பதும் உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பற்சக்கரம்தான். முள் ஒழுங்காக வேகம் காட்டும், கிலோமீட்டர் மட்டும் நகராது. அந்தப் பற்சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும், எண் அப்படியே நிற்கும். முழு போர்டையும் மாற்ற நேர்ந்தாலும் பழைய உருளைத் தொகுதியைக் கழற்றிப் புதியதில் பொருத்திவிடலாம். அதற்கு இரண்டின் பற்சக்கர விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜப்பானிய வழக்கில் கேபிள் கிலோமீட்டருக்கு 637 சுற்று சுற்றும். மைல் கணக்கு வண்டிகளில் மைலுக்கு 1,000 சுற்று, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 621. இரண்டையும் மாற்றி மாட்டினால் ஒவ்வொரு 10,000 கி.மீ.க்கும் சுமார் 250 கி.மீ. பிசகும்.

மின்னணு ஓடோமீட்டரில் திரையில் தெரிவது வெறும் பிம்பம். உண்மையான எண், மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் என்ற நினைவகச் சிப்பில் இருக்கிறது. பல போர்டுகளில் அது எட்டுக் கால் கொண்ட, அரிசி மணியை விடச் சற்றே பெரிய கறுப்புத் துண்டு. மேலே 93சி56, 93சி66, 93சி86, 24சி04, 24சி16, 95160 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். வேறு சில போர்டுகளில் தனிச் சிப்பே கிடையாது, போர்டை இயக்கும் முக்கியச் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளேயே நினைவகம் இருக்கும். கைவைக்கும் முன் இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் வேலையெல்லாம் அதைப் பொறுத்தே அமைகிறது.

எண் சிப்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஈஈப்ராமின் ஒரு செல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுத முடியாது. பழைய சிப்களுக்கு 1 லட்சம் முறை, பிற்காலத்தவற்றுக்கு 10 லட்சம் முறை என்று எல்லை உண்டு. கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால், 1 லட்சம் கி.மீ.யிலேயே பழைய சிப் தன் எல்லையைத் தொட்டுவிடும். அதனால் வடிவமைப்பாளர்கள் எண்ணைப் பல இடங்களில் பிரித்து வைக்கிறார்கள். அடிக்கடி காணப்படும் முறைகளில் ஒன்று, 16 இடங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அடுத்த ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒன்றைக் கூட்டுவது.

1,42,318-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 8,894, மீதி 14. ஆகவே சிப்பைப் படித்துப் பார்த்தால் 14 இடங்களில் 8,895 இருக்கும், மீதி 2 இடங்களில் 8,894 இருக்கும். பதினாறையும் கூட்டினால் சரியாக 1,42,318. ஒவ்வோர் இடமும் 16 கி.மீ.க்கு ஒருமுறைதான் எழுதப்படுவதால் சிப்பின் ஆயுள் 16 மடங்காகிறது. இன்னொரு நன்மையும் இதில் உண்டு. பேட்டரி வயர் திடீரென்று கழன்று, எழுதிக்கொண்டிருந்த ஓர் இடம் மட்டும் கெட்டு 65,535 என்று நின்றாலும், பக்கத்து 15 இடங்களைப் பார்த்தே அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட முடியும். திரையில் வெறும் கோடுகளோ "எர்ரர்" என்ற சொல்லோ வந்ததும் எண் தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. பெரும்பாலும் அது தொலைந்திருக்காது.

எல்லாத் தயாரிப்பாளர்களும் இதே முறையில் எழுதுவதில்லை. சிலர் எண்ணைத் தலைகீழாக்கி எழுதுவார்கள், சிலர் மூன்று நகல் வைத்துச் சரிபார்ப்பு எண் சேர்ப்பார்கள், புதிய வண்டிகளில் மறையாக்கமும் உண்டு. ஒரு மாடலில் கற்றதை இன்னொரு மாடலில் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் போர்டு கெடும்.

உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

எண்ணைக் காப்பாற்ற ஆகச் சிறந்த வழி, அது இருக்கும் போர்டை மாற்றாமல் இருப்பது. எங்கள் உறுதியான கருத்து இது. மீட்டர் போர்டுக் கோளாறுகளில் பெரும்பகுதிக்கும் நினைவகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் போர்டுக்கு மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். நேரடி பேட்டரி வயர், இக்னிஷன் வயர், எர்த் வயர் மூன்றையும் கப்ளரிலேயே அளக்க வேண்டும். சுமை ஓடும்போது போர்டின் எர்த் காலுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால், கோளாறு போர்டில் இல்லை, எர்த்தில் இருக்கிறது. வண்டியின் கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் வயர்கள் இரண்டுக்கும் இடையே, பேட்டரி கழற்றிய நிலையில், 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் இரண்டு முனைத் தடைகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சில கார்களில் அந்தத் தடைகளில் ஒன்று மீட்டர் போர்டுக்குள்ளேயே இருக்கும். போர்டைக் கழற்றி வைத்துவிட்டு அளந்து, 120 வருகிறதே என்று வயரிங்கைப் பிரிப்பது வீண் வேலை.

மின்சாரம் சரியென்றால் அடுத்து போர்டு. கப்ளர் கால்கள் போர்டில் சேரும் இடத்தில் சோல்டர் வெடித்திருப்பதுதான் அடிக்கடி கிடைக்கும் காரணம். டேஷ்போர்டில் தட்டினால் விளக்கு வந்து போனால் சந்தேகம் நேராக அங்கே போக வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி மெல்லிய வளையமாக வெடிப்பு தெரியும். பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் சரியாகும். மேலேயே கொஞ்சம் சேர்ப்பது சில மாதமே தாங்கும்.

முள் மட்டும் தவறாக நின்றால் காரணம் அதைத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டார். எக்ஸ்27.168 என்ற சிறு மோட்டார் பல தயாரிப்பாளர்களின் போர்டுகளில் இருக்கிறது. அதன் இரண்டு சுருள்களும் தலா 280 ஓம் அளவில், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு சுருள் அறுந்திருந்தால் மோட்டாரை மட்டும் மாற்றலாம். நாலு கால், பத்து நிமிடம். முள்ளைத் திரும்பப் பொருத்தும்போது மட்டும் பொறுமை வேண்டும். போர்டுக்கு மின்சாரம் கொடுத்து, மோட்டார் தானே பூஜ்ஜியத்துக்குப் போய் நின்ற பிறகு முள்ளை வைக்க வேண்டும். முள்ளைப் பிடுங்கும் முன் அது நிற்கும் இடத்தை டயலில் ஒட்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நேராக இழுத்தால் மோட்டாரின் தண்டே வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக நெம்ப வேண்டும்.

டிஸ்ப்ளேயில் கோடு கோடாக இலக்கம் விட்டுப்போவது, திரைக்கும் போர்டுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் ரிப்பன் விலகியதால் வருவது. ரிப்பனையோ திரையையோ மாற்றலாம். பின்விளக்கு போனால் எல்.ஈ.டி. அல்லது அதன் மின்வழங்கல். போர்டு முழுவதும் செத்துப்போனால் வோல்டேஜ் ரெகுலேட்டரும் உப்பிப்போன கெப்பாசிட்டர்களும். இவை எதிலும் ஈஈப்ராமைத் தொட வேண்டியதே இல்லை. தண்ணீர் புகுந்து போர்டே அரித்துப்போயிருந்தாலோ, மைக்ரோகன்ட்ரோலர் எரிந்திருந்தாலோ, விபத்தில் போர்டு உடைந்திருந்தாலோ மட்டுமே மாற்றுவது நியாயம்.

கழற்றும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

திரை இருட்டாக இருந்தாலும் போர்டின் மூளை உயிரோடு இருக்கலாம். வண்டியின் கணினிகளைப் படிக்கும் ஸ்கேனரை ஓபிடி என்ற சோதனை சாக்கெட்டில் மாட்டி, மீட்டர் போர்டு மாட்யூலுக்குள் (கணினிப் பெட்டிக்குள்) போய் கிலோமீட்டர் எண்ணைப் படித்துப் பாருங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் பொதுவான ஓபிடி அளவுகளிலேயே ஓடோமீட்டர் வருகிறது. ஏ6 என்ற எண் கொண்ட அந்த அளவு 0.1 கி.மீ. துல்லியத்தில் இருக்கும். "கோடு (பழுதுக் குறியீடு) அழித்த பின் ஓடிய தூரம்" என்று வரும் இன்னோர் அளவை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 65,535 கி.மீ.க்கு மேல் எண்ணவும் செய்யாது, ஒவ்வொரு முறை கோடு அழிக்கும்போதும் பூஜ்ஜியமாகிவிடும்.

அதன்பின் மற்ற மாட்யூல்களையும் பாருங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி கன்ட்ரோல், சாவி மாட்யூல் ஆகியவற்றில் சிலவும் கிலோமீட்டரைத் தங்கள் பங்குக்குப் பதிந்து வைத்திருக்கும். பழுது கோடு பதியும்போது அந்த நேரத்துக் கிலோமீட்டரும் சேர்ந்து பதிவதுண்டு. போர்டு முழுவதும் செத்துப்போன வண்டியில் உண்மையான எண்ணுக்கு நெருங்க இவையே வழி. அதோடு கடைசி சர்வீஸ் பில், வாகனச் சோதனைச் சான்று, காப்பீட்டு ஆய்வுப் படம் ஆகியவற்றில் தேதியோடு எழுதிய எண்களையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தப் படிப்பு எல்லாம் நடக்கும்போது பேட்டரி 12.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்காதபடி சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். எழுதும் வேலை நடக்கும்போது வோல்ட் விழுந்தால், இருக்கும் நல்ல போர்டும் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும்.

கழற்றும்போது இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்து, மாட்யூல்கள் உறங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். போர்டு இல்லாமல் இக்னிஷன் போட்டால் மற்ற மாட்யூல்கள் யு0155 போன்ற தொடர்பற்ற கோடுகளைப் பதியும், ஏர்பேக் விளக்கும் வரலாம். எஞ்சினை ஓடவிடவே வேண்டாம். பழைய அமைப்புள்ள கார்களில் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரம் மீட்டர் போர்டின் பேட்டரி விளக்கு வழியாகத்தான் போகும். போர்டு இல்லையென்றால் சார்ஜ் ஏறாது.

புது போர்டு மாட்டுவது

தயாரிப்பாளரிடமிருந்து வரும் புது போர்டு வெறுமையாக இருக்கும். அதற்கு சேசிஸ் எண், கோடிங் (வண்டிக்கேற்ற அமைப்புகள்), இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) தகவல், கிலோமீட்டர் ஆகிய நான்கும் தெரிய வேண்டும். ஃபோர்டு வண்டிகளில் இதற்கு ஒழுங்கான வரிசை உண்டு. பழைய போர்டு இன்னும் மாட்டியிருக்கும்போதே ஸ்கேனர் அதன் தகவலை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பிறகு புதியதை மாட்டச் சொல்லி அதில் எழுதும். ஆகவே பழையதைக் கழற்றித் தூக்கி எறிந்துவிட்டு ஸ்கேனரை மாட்டுவது, வரிசையைத் தலைகீழாகச் செய்வது.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய தலைமுறைப் போர்டுகளில், ஸ்கேனரில் அடாப்டேஷன் என்ற பகுதியின் சேனல் 9-இல் கிலோமீட்டர் எழுதலாம். ஆனால் போர்டு 100 கி.மீ.க்குக் குறைவாக ஓடியிருக்க வேண்டும், ஒரே ஒருமுறைதான் எழுத முடியும். அதோடு எண்ணைப் பத்துப் பத்து கிலோமீட்டராகக் கொடுக்க வேண்டும். 1,42,318 என்றால் 14232 என்று கொடுக்க வேண்டும். அவசரத்தில் முழு எண்ணையும் அடித்தால், அல்லது ஓர் இலக்கம் விட்டுப்போனால், அந்த ஒற்றை வாய்ப்பும் போய்விடும். அடிப்பதற்கு முன் காகிதத்தில் எழுதி, இன்னொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபார்ப்பது சின்னப் பழக்கம்தான், ஆனால் ஒரு போர்டைக் காப்பாற்றும்.

இந்தக் குழுமத்தின் பல கார்களில் இம்மொபிலைசர் மீட்டர் போர்டுக்குள்ளேயே இருக்கிறது. பொருந்தாத போர்டை மாட்டினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு வினாடியில் நின்றுவிடும். பெட்ரோல் பம்ப் என்று தேட வேண்டாம். ரகசியக் குறியீட்டை வைத்துப் போர்டையும் எஞ்சின் கணினியையும் சாவிகளையும் இணைத்த பிறகே ஓடும். அந்த வேலைக்கு வண்டியின் எல்லாச் சாவிகளும் கையில் இருக்க வேண்டும்.

வேறு வண்டியின் போர்டு

விலை குறைவு என்பதால் பலரும் போகும் வழி இது. அதிகம் கெடுவதும் இங்கேதான்.

"சும்மா மாட்டிப் பார்க்கலாம், வேலை செய்கிறதா என்று" என்பதுதான் முதல் தவறு. சில கார்களில் கிலோமீட்டர் இரண்டு மூன்று மாட்யூல்களில் பிரதியாக இருக்கும், அவற்றுக்குள் எது பெரிய எண்ணோ அதையே மற்றவை ஏற்கும். ஈ39, ஈ46 தலைமுறை பிஎம்டபிள்யூ கார்களில் மீட்டர் போர்டிலும் விளக்கு மாட்யூலிலும் எண் இருக்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் ஓடோமீட்டர் பக்கத்தில் ஒரு புள்ளி எரியும். 1,42,318 ஓடிய வண்டியில் 1,98,000 ஓடிய போர்டை ஐந்து நிமிடம் சோதனைக்கு மாட்டினால்கூட, போர்டைத் திரும்ப மாற்றிய பின்னும் வண்டி பெரிய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கலாம். பிரதி வைக்கும் மாடலா என்று தெரியாமல் பழைய போர்டை மாட்டவே கூடாது. சோதிக்க வேண்டுமென்றால் மேசையில் வைத்து, 12 வோல்ட் மின்வழங்கியில் சோதியுங்கள்.

போர்டு எண் (பார்ட் நம்பர்) ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி எழுத்து வரை. அதே மாடல், அதே ஆண்டு என்பது போதாது. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் ஆர்.பி.எம். அளவு வேறு, எரிபொருள் டேங்க் வளைவு வேறு, ஆட்டோமேட்டிக் கியருக்கு டிஸ்ப்ளே வேறு. வேகத் துடிப்புகளை நேரடியாக எண்ணும் போர்டுகளில் கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற மாறிலி வேறானால், இன்று எண்ணைச் சரியாக எழுதினாலும் நாளையிலிருந்து தவறாக எண்ணும். ஜப்பானிய வழக்கில் 637 சுற்று, சுற்றுக்கு 4 துடிப்பு என்று கிலோமீட்டருக்கு 2,548 துடிப்பு. மைல் கணக்குப் போர்டு வந்தால் இன்னொரு கணக்கும் சேரும். 1,42,318 கி.மீ. என்பது 88,432 மைல். திரையில் அலகை மாற்றும் வசதி இருந்தாலும் நினைவகம் எந்த அலகில் வைத்திருக்கிறது என்று பார்த்தே எழுத வேண்டும்.

போர்டு எண் ஒன்றாக இருந்து, நினைவகம் தனி ஈஈப்ராமாக இருந்தால், எங்கள் தேர்வு எப்போதும் பழைய சிப்பையே முழுதாகக் கழற்றிப் புதிய போர்டில் வைப்பதுதான். கிலோமீட்டர் இருக்கும் சில பைட்டுகளை மட்டும் நகலெடுத்தால் எண் வரும், இம்மொபிலைசரும் கோடிங்கும் வேறு வண்டியுடையதாகவே இருக்கும். முழுச் சிப்பையும் இடம் மாற்றினால் எல்லாமும் சேர்ந்து வரும். யாரும் எந்த எண்ணையும் கையால் அடிக்காததால், தவறவும் வழியில்லை, திருத்தவும் வழியில்லை. ஒரே குறை, முள்களின் நுண்திருத்தமும் அதே சிப்பில் இருந்தால் புதிய போர்டில் முள் மயிரிழை விலகி நிற்கும். அதை ஸ்கேனரிலோ முள்ளை மறுபடி பொருத்தியோ சரிசெய்யலாம்.

சிப்பில் கைவைக்கும்போது

போர்டில் இருக்கும்படியே கிளிப் மாட்டிப் படிப்பது வசதி, ஆனால் நம்ப முடியாது. சிப்பைப் படித்து எழுதும் கருவியான ப்ரோகிராமர் கொடுக்கும் மின்சாரத்தில் பக்கத்து மைக்ரோகன்ட்ரோலரும் விழித்துக்கொண்டு அதே வயரில் பேசத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தகவல் வரும். எழுதினால் அது இன்னும் மோசம். சிப்பைக் கழற்றிப் படிப்பதே பாதுகாப்பு.

வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 24 வரிசையில் எர்த் 4-ஆம் கால். 93 வரிசையில் வழக்கமாக 5-ஆம் கால். மின்சாரம் இரண்டிலும் 8. விலை குறைந்த சிறு ப்ரோகிராமர்கள் பலவும் 24, 25 வரிசைகளை மட்டுமே நம்பகமாகப் படிக்கும், 93-க்கு வேறு கருவி வேண்டும். 93 வரிசையில் 6-ஆம் கால், தகவல் 8 பிட்டாகவா 16 பிட்டாகவா என்று தீர்மானிக்கிறது. போர்டில் அது எதில் கட்டப்பட்டிருக்கிறதோ அதே அமைப்பில் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் பைட்டுகள் ஜோடி ஜோடியாக இடம் மாறித் தெரியும்.

மூன்று முறை படித்து மூன்றையும் ஒப்பிடுங்கள். முழுவதும் 255 அல்லது முழுவதும் 0 என்று வந்தால் சிப் வெறுமையாக இல்லை, கால் தொடவில்லை. மூன்றும் ஒன்றாக வந்த பிறகு கோப்பை இரண்டு இடங்களில் சேமியுங்கள். அசல் கோப்பு இருக்கும் வரை எந்தத் தவறையும் திருப்பிக்கொள்ள முடியும்.

சூட்டுக் காற்றில் கழற்றினால் 320 முதல் 350 டிகிரி போதும். பக்கத்தில் இருக்கும் டிஸ்ப்ளே, கப்ளர் ஆகியவற்றை வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப்பால் மூடுங்கள். போர்டில் பாதுகாப்புப் பூச்சு இருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிப் நகராது. நகராததை நெம்பினால் கீழே இருக்கும் செம்புத் தடம் உரிந்து வரும். கழற்றும் முன் 1-ஆம் காலின் புள்ளி எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்நிலை போக்கும் கைப்பட்டை கட்டிக்கொள்வதும் அவசியம்.

நினைவகம் மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருந்தால், அதுவும் பூட்டப்பட்ட வகையென்றால், இதைச் சாதாரணக் கருவியில் முயலாதீர்கள். தவறான ஒரு முயற்சியில் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துக்கொள்ளும் வகைகள் உண்டு. அங்கே தயாரிப்பாளரின் வழியோ அந்தப் போர்டுகளையே தொழிலாகச் செய்பவரோதான்.

மாட்டிய பிறகு

பேட்டரியை இணைத்து இக்னிஷன் போட்டதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியாத விளக்கு, அணையாத விளக்கைப் போலவே கோளாறு. ஆயில் பிரஷர், ஏர்பேக், ஏபிஎஸ், பேட்டரி நான்கையும் தனியாகப் பாருங்கள். பழைய கோடுகளை அழித்து மறுபடி ஸ்கேன் செய்து, மீட்டர் போர்டிலும் பிரதி வைக்கும் மாட்யூல்களிலும் கிலோமீட்டர் ஒன்றாக இருக்கிறதா என்று படியுங்கள். சர்வீஸ் நினைவூட்டலையும் சரிசெய்யுங்கள், பல போர்டுகளில் அது தனிக் கணக்கு.

பிறகு ஜி.பி.எஸ். வைத்து 10 கி.மீ. நேர்சாலையில் ஓட்டி, ஓடோமீட்டரும் அதே அளவு நகர்கிறதா என்று பாருங்கள். ஸ்பீடோமீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. ஐ.நா.வின் வாகன விதி 39, கார்களின் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, பத்தில் ஒரு பங்கோடு மணிக்கு 4 கி.மீ. சேர்ந்ததற்கு மேல் கூட்டியும் காட்டக் கூடாது என்கிறது. ஓடோமீட்டருக்கு அந்தச் சாக்கு இல்லை. தூரத்தில் வித்தியாசம் தெரிந்தால் மாறிலியோ டயர் அளவு கோடிங்கோ தவறு.

எண்ணை எழுதவே முடியாவிட்டால்

சில போர்டுகளில் பழைய எண்ணை எழுத எந்த வழியும் கிடைக்காது. அப்போது உண்மையைக் காகிதத்தில் காப்பாற்ற வேண்டும். அமெரிக்காவின் நடைமுறை எங்கு இருப்பவரும் பின்பற்றத்தக்கது. 1972-இல் தொடங்கிய ஓடோமீட்டர் சட்டப்படி, பழுது பார்த்த பின் பழைய எண்ணையே வைக்க முடியாவிட்டால் ஓடோமீட்டரைப் பூஜ்ஜியத்தில் வைத்து, மாற்றுவதற்கு முன் இருந்த எண்ணையும் வேலை நடந்த தேதியையும் எழுதிய அறிவிப்பை இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஜெர்மனியில் 2005 முதல் ஓடோமீட்டரைப் பொய்யாக மாற்றுவது குற்றம். ஆகவே எந்த நாட்டில் இருந்தாலும், வேலையைத் தொடங்கும் முன் அங்கே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணைக் காப்பாற்றும் கருவியும் எண்ணைக் குறைக்கும் கருவியும் ஒன்றேதான். பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்துக் காட்டுவது பதிவு மட்டுமே. மீட்டர் வேலை செய்பவர் "கொஞ்சம் குறைத்து வையுங்களேன்" என்ற கோரிக்கையை எந்த உறவுக்காகவும் ஏற்கக் கூடாது. அடுத்து வாங்குபவர் அந்த எண்ணை நம்பித்தான் பிரேக் மிதிக்கப் போகிறார், பெல்ட் மாற்றப் போகிறார்.

பதிவில் இருக்க வேண்டியவை இவை: வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணும், பழைய போர்டின் எண், புதிய போர்டின் எண், மாற்றிய தேதி, மாற்றும் முன் எண், மாற்றிய பின் எண், காரணம், செய்தவர் கையெழுத்து. பழைய திரை எரிந்தால் அதன் படம், எரியாவிட்டால் ஸ்கேனர் திரையின் படம். வேறு வண்டியின் போர்டு 87,540-இல் நின்று, அதை மாற்ற முடியாமல் போனால், "காட்டும் எண்ணோடு 54,778 கூட்டுக" என்று கதவுச் சட்டத்திலும் சர்வீஸ் புத்தகத்திலும் எழுதுங்கள். போர்டு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் "கழிக்க" என்று எழுதுங்கள். கதவில் ஒட்டும் தாள் மழையிலும் கழுவும் நீரிலும் அழியாத வகையாக இருக்கட்டும், எழுதுவது நிரந்தர மையாக இருக்கட்டும். பழைய போர்டைக் குப்பையில் போடாமல் உறையில் போட்டு, அதே தகவலை மேலே எழுதி, வண்டியின் ஆவணங்களோடு வைத்துவிடுங்கள். வண்டி கைமாறும்போது அந்த உறையும் சாவிகளோடு சேர்ந்தே கைமாற வேண்டும்.